வாட்ஸ்அப் குழுவில் கருத்துச் சொன்னதற்கு 17(பி): ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் நான். எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் கல்வித் துறை இணையதளம்) பதிவேற்ற வேலை பற்றி இரண்டு மாதம் முன்பு எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் (சுமார் 180 பேர்) இப்படி எழுதினேன்: “பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் சர்வர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இதை வகுத்தவர்கள் ஒரு நாள் வகுப்பறைக்கு வந்து பார்க்கட்டும். இத்தனை செயலிகளும் யாருடைய கமிஷனுக்காக வருகின்றன என்பது நம் மாவட்ட அலுவலருக்கே வெளிச்சம்.” அன்றிரவே இதை முகநூலிலும் போட்டேன், கூடவே யாரோ வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றையும் பகிர்ந்தேன். சென்ற திங்களன்று 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு ஆணை, வந்துவிட்டது. 15 நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். “மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடுங்கள், முடித்துவிடலாம்” என்கிறார் அலுவலகக் கண்காணிப்பாளர். மனதில் பட்டதைச் சொல்ல அரசு ஊழியருக்கு உரிமையே இல்லையா? சென்னையில் தனியார் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் என் மனைவிக்கும், லிங்க்ட்இன் பதிவை நீக்கச் சொல்லி எச்.ஆர். மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவர் என்ன செய்யலாம்?

பதில்: அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதாதீர்கள். குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டுவிட்டால் 17(பி)யில் விசாரணைக்கே அவசியம் இல்லாமல் போகும். ஒப்புதலை மட்டும் வைத்துத் தண்டனை ஆணை பிறப்பிக்கலாம். “முடித்துவிடலாம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த கலந்தாய்வில் மாறுதலாகிப் போய்விடக்கூடும். உங்கள் கையெழுத்திட்ட கடிதம் மட்டும் கோப்பில் நிற்கும். வருத்தம் தெரிவிக்க வேண்டிய ஒரு வரி உங்கள் பதிவில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அது “குற்றச்சாட்டை ஏற்கிறேன்” என்ற பொருள் தரும் கடிதமாக இருக்கக் கூடாது.

தமிழ் ஆணைகளில் 17(ஆ) என்று வருவதும், எல்லோரும் வாயால் 17(பி) என்று சொல்வதும் ஒன்றுதான். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கான வழி. விளக்கம் கேட்பார்கள், பரிசீலிப்பார்கள், கண்டனம் போன்ற ஒன்றோடு முடியும். 17(பி) பெருந்தண்டனைக்கானது. பின்னால் வரும் ஊதிய உயர்வுகளையும் பாதிக்கும்படியான ஊதிய உயர்வு நிறுத்தம், பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகலாம். ஒரு வாட்ஸ்அப் செய்திக்கு 17(பி) கொடுப்பது ஈயை அடிக்க உலக்கையைத் தூக்குவதுதான். ஆனால் குறிப்பாணை நிலுவையில் இருந்தாலே பதவி உயர்வுப் பட்டியலில் சிக்கல் வரும் என்பதால், அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

உங்கள் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். அரசு வேலையில் சேர்ந்ததால் அடிப்படை உரிமை பறிபோகாது என்று உச்ச நீதிமன்றம் 1962லேயே காமேஷ்வர் பிரசாத் எதிர் பீகார் அரசு வழக்கில் சொல்லிவிட்டது. எந்த வடிவிலும் ஆர்ப்பாட்டம் கூடாது என்ற பீகார் நடத்தை விதி அதில் அடிபட்டுப் போனது. அதே தீர்ப்பில், வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது என்றும் சொன்னார்கள். அந்தப் பாதியின் கனம், வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூட்டமாகப் பணிநீக்கம் செய்யப்பட்ட 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றாகவே தெரிந்தது.

மனதில் இருப்பதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாகவே இருந்திருக்கின்றன. பணியில் சேருமுன் ஒரு கட்சியிலும் அமைப்பிலும் ஈடுபாடு காட்டினார் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியரை வேலையை விட்டு அனுப்பினார்கள். 1983ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றும், மதநம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த கேரளத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியபோது, 1986ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு காக்கும் மனச்சான்றுச் சுதந்திரமும், 19(1)(அ) தரும் பேச்சுச் சுதந்திரமும் அங்கே சேர்ந்தே பேசப்பட்டன.

சமூக ஊடகத்துக்கும் தீர்ப்புகள் உண்டு. திரிபுராவில் ஓய்வு பெறச் சில நாட்களே இருந்த மீன்வளத் துறைப் பெண் ஊழியர், ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போனார், முகநூலில் எழுதினார் என்பதற்காகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2020 ஜனவரியில் அந்த மாநில உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கையை ரத்து செய்தது. உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2023ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தந்த தீர்ப்பு. தமிழ்நாடு கிராம வங்கியின் ஆறுமுகநேரிக் கிளை ஊழியர் ஒருவர், சங்கத்தில் தீவிரமானவர், வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரிகளைக் கேலி செய்து எழுதியதற்கு வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ரத்து செய்தார். நிர்வாகத்தின் மேல் மனக்குறை இருப்பது இயல்பு, அதைத் தங்களுக்குள் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு இடம் வேண்டும், நிறுவனத்தின் பெயர் பாதிக்கப்படும் கட்டத்தில்தான் நிர்வாகம் தலையிடலாம் என்பது அதன் சாரம். உங்கள் விளக்கத்தில் முதலில் இடம்பெற வேண்டிய தீர்ப்பு இது.

எதிர்த்தரப்பின் கையிலும் தீர்ப்பு இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். கர்நாடகச் சிறுதொழில் வளர்ச்சிக் கழக ஊழியர் தேவேந்திரப்பா, தன் நிறுவனத் தலைமை மீது ஆளுநருக்குப் புகார்க் கடிதம் எழுதினார், பத்திரிகைக்கும் அறிக்கை கொடுத்தார். பணிநீக்கம் செய்யப்பட்டார். 1998ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உங்கள் பதிவை வைத்துப் பாருங்கள். மூன்று வாக்கியங்கள். முதலாவது, உங்கள் பணிச்சூழல் பற்றிய நேரடி அனுபவம். இரண்டாவது, கொள்கை மீதான விமர்சனம். கொஞ்சம் காரம், அவ்வளவுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009ன் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. மாணவர் விவரப் பதிவேற்றம் கல்வி சார்ந்த வேலைதான் என்று துறை வாதிடும், அதற்கும் இடமுண்டு. ஆனால் சட்டமே கவலைப்பட்டிருக்கும் ஒரு விஷயத்தில் ஆசிரியர் கருத்துச் சொன்னது எப்படி ஒழுங்கீனமாகும் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

மூன்றாவது வாக்கியம்தான் உங்களை மாட்டிவிடும். “கமிஷன்” என்பது கருத்து அல்ல, ஊழல் குற்றச்சாட்டு. அதையும் “நம் மாவட்ட அலுவலர்” என்று சுட்டி எழுதியிருக்கிறீர்கள். கையில் ஆதாரம் உண்டா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது. குழுவில் எழுதியதோடு நின்றிருந்தால் ஆறுமுகநேரி வழக்கு உங்களைப் பெருமளவு காப்பாற்றியிருக்கும். அதையே முகநூலில் போட்டபோது இடம் மாறிவிட்டது. அந்தப் பதிவு எல்லோருக்கும் தெரியும்படி இருந்ததா, நண்பர்களுக்கு மட்டுமா என்பதை இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவில் உங்கள் பெயருக்குக் கீழே உலக உருண்டைக் குறி இருந்தால் பொது. இரண்டு தலைகள் இருந்தால் நண்பர்களுக்கு மட்டும்.

கேலிச்சித்திரம் பற்றி: “நான் வரையவில்லை, பகிர்ந்தேன்” என்பதை முதன்மை வாதமாக வைக்காதீர்கள். பெண் பத்திரிகையாளர்கள் பற்றிய இழிவான முகநூல் பதிவைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டேன் என்று முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சொன்னதை எந்த நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2023ல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு உதவ மறுத்தது. உங்கள் சித்திரம் திட்டத்தைக் கிண்டல் செய்கிறது, தனிமனிதரை அல்ல என்றால் அதையே சொல்லுங்கள்.

இனி 15 நாளில் செய்ய வேண்டியது. குறிப்பாணையை வாங்கும்போது “பெற்றுக்கொண்டேன்” என்று தேதி, நேரத்தோடு கையெழுத்திட்டீர்களா, அலுவலக நகலில் வேறு ஏதாவது எழுதச் சொன்னார்களா என்று சரிபாருங்கள். 15 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். குறிப்பாணையோடு நான்கு தாள்கள் இருக்க வேண்டும்: குற்றச்சாட்டு, அதற்கு அடிப்படையான நிகழ்வுகளின் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிகள் பட்டியல். எது இல்லையோ அதைக் குறித்து வையுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973ன் 20ஆம் விதி, அதாவது நேர்மை, கடமையுணர்வு, பணியாளருக்குத் தகாத செயல் பற்றிய பொதுவிதி மட்டும் சுட்டப்பட்டிருக்கிறதா, அரசை விமர்சிப்பது பற்றிய விதியும் சேர்ந்திருக்கிறதா? எந்த வாக்கியம் எந்த விதியை மீறியது என்று சொல்லாமல் “அரசுக்கு அவப்பெயர் ஏற்படுத்தியது” என்று மட்டும் இருந்தால், அந்தத் தெளிவின்மையே உங்கள் முதல் ஆட்சேபம். கையொப்பமிட்ட அலுவலர் உங்களுக்கு 17(பி) பிறப்பிக்கும் அதிகாரம் பெற்றவரா என்பதையும் உங்கள் நியமன ஆணையை வைத்துப் பாருங்கள். இன்னொன்று: கமிஷன் வரியில் சுட்டப்பட்ட அலுவலரே குறிப்பாணையும் கொடுத்து விசாரிக்கவும் போகிறார் என்றால், தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகக் கூடாது என்ற ஆட்சேபத்தை இப்போதே எழுத்தில் பதியுங்கள். பிறகு சொன்னால் “அப்போதே ஏன் சொல்லவில்லை” என்பார்கள்.

பதிவை நீக்காதீர்கள். குறிப்பாணை வந்த பிறகு நீக்கினால் தடயத்தை அழித்ததாகப் பேசுவார்கள். உங்களுக்குச் சாதகமான முன்பின் உரையாடலும் அதோடு போய்விடும். குழுவில் உங்கள் செய்திக்கு மேலே 20, கீழே 20 செய்திகள் வரும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். புகாரோடு போகும் திரைப்பிடிப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு செய்திதான் இருக்கும். அதற்கு முந்தைய செய்தியில் வேறொருவர் “இன்றும் மூன்று மணி நேரம் போச்சு” என்று புலம்பியிருந்தால், உங்கள் வரியின் நிறமே மாறும்.

விளக்கத்துக்கு முன்னால் ஒரு தனிக் கடிதம் கொடுங்கள். அதில் கேட்க வேண்டியவை: புகாரின் நகல், திரைப்பிடிப்பின் முழு நகல், அதை எடுத்தவர் யார், எந்தக் கைபேசியில், எந்தத் தேதியில் எடுத்தார் என்ற விவரம். இவை கிடைத்த நாளிலிருந்து விளக்கத்துக்கு 15 நாள் அவகாசம் வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். நேரில் கொடுத்தால் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் முதல் 15 நாள் முடிவதற்குள் ஓர் இடைக்கால விளக்கம் போய்விட வேண்டும். விளக்கமே தராவிட்டால், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே நடத்திவிடுவார்கள்.

விளக்கம் இரண்டு, இரண்டரைப் பக்கம் போதும். பல வழக்குகள் கெடுவது குற்றச்சாட்டால் அல்ல, ஆத்திரத்தில் எழுதிய விளக்கத்தால்தான். அதிலேயே அலுவலரைத் திட்டி எழுதி இரண்டாவது குறிப்பாணையை வரவழைத்துக்கொள்கிறார்கள். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

“குற்றச்சாட்டை முழுமையாக மறுக்கிறேன். சுட்டப்பட்ட செய்தி, ஆசிரியர்கள் மட்டுமே உள்ள மூடிய குழுவில், கற்பித்தல் நேரம் குறைவது பற்றிய கவலையில் எழுதப்பட்டது. அலுவலக ரகசியமோ மாணவர் விவரமோ அதில் வெளியிடப்படவில்லை. எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ அது எழுதப்படவில்லை. பணி நிலைமை பற்றிய கருத்து நடத்தை விதிகளின் கீழ் ஒழுங்கீனம் ஆகாது.”

மூன்றாவது வாக்கியத்துக்குத் தனிப் பத்தி: “கடைசி வரி ஆதங்கத்தில் எழுதப்பட்டது, எந்த அலுவலரின் நேர்மையையும் குறை கூறும் நோக்கம் எனக்கில்லை. அவ்வாறு பொருள்படும் என்றால் அந்தச் சொல்லாட்சிக்கு வருந்துகிறேன். இது குற்றச்சாட்டை ஏற்பதாகாது.” முகநூலில் போடவே இல்லை என்று மறுக்க வேண்டாம். அதைத் துறை குறிப்பிட்டிருந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள். குறிப்பிடாததை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. முடிவில் “வாய்மொழி விசாரணை கோருகிறேன்” என்று தெளிவாக எழுதுங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு, விசாரணையே இல்லாமல் தண்டனை வாங்கியவர்கள் உண்டு.

விசாரணைக்கு வந்தால், திரைப்பிடிப்பைக் கொடுத்தவரைச் சாட்சியாக அழைத்துக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று வற்புறுத்துங்கள். துறை விசாரணையில் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது என்பது உண்மை. ஆனாலும் ஆவணத்தைக் கோப்பில் வைத்துவிட்டாலே அதன் உள்ளடக்கம் நிரூபணமாகிவிடாது என்று 2008ல் ரூப் சிங் நேகி எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பாத குழு உறுப்பினர்தான் பெரும்பாலும் திரைப்பிடிப்பைக் கொடுத்தவராக இருப்பார். சாட்சி சொல்ல வரத் தயங்குவார். உங்கள் கைபேசியைத் திறந்து காட்டச் சொன்னால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நீங்கள் எழுதியதை எழுதவே இல்லை என்று மறுப்பது. 180 பேர் படித்த செய்தி அது. பொய் என்று நிரூபணமானால் மற்ற எல்லா வாதமும் சரிந்துவிடும்.

விசாரணை அறிக்கை எதிராக வந்தால் அதன் நகலைத் தந்து, உங்கள் மறுப்பைக் கேட்ட பிறகே தண்டனை பற்றி முடிவெடுக்க வேண்டும். 1993ல் வந்த கருணாகர் தீர்ப்பு அது. இழுத்தடித்தால் 2015ல் பிரேம்நாத் பாலி வழக்கில் சொன்னதைச் சுட்டிக் கடிதம் எழுதுங்கள்: துறை விசாரணையைக் கூடியவரை ஆறு மாதத்திலும், அதிகபட்சம் ஓர் ஆண்டிலும் முடிக்க வேண்டும்.

இப்போதே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடலாமா என்றால், வேண்டாம் என்பேன். குறிப்பாணை நிலையில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. அதிகாரமே இல்லாதவர் கொடுத்திருந்தாலோ, சொன்னதை அப்படியே ஏற்றாலும் ஒழுங்கீனமே இல்லை என்றிருந்தாலோதான் தலையிடுவார்கள். ஆறுமுகநேரி வழக்கு இரண்டாவது வகை. உங்கள் மூன்றாவது வாக்கியம் இருக்கும்வரை நீங்கள் அந்த வகையில் சுத்தமாக நிற்க முடியாது. “விசாரணையில் போய்ச் சொல்லுங்கள்” என்று திருப்பி அனுப்பினால் அது துறைக்குத் தெம்பாகிவிடும். அடக்கமான விளக்கத்துக்குப் பிறகு இது போன்றவை கைவிடப்படவோ, 17(ஏ)யாக மாற்றிக் கண்டனத்தோடு முடியவோ நல்ல வாய்ப்புண்டு. தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் மட்டும் கணக்கு வேறு. உங்களுக்குக் குறிப்பாணை வந்துவிட்டதால், காரணம் எழுதாமல் அதை நீட்டினால், 2015ல் வந்த அஜய்குமார் சௌத்ரி தீர்ப்பை வைத்து உடனே போகலாம்.

இனிமேல் எழுதவே கூடாதா? எழுதலாம். சங்கத்தின் பெயரில், தீர்மானமாக, மனுவாகப் போனால் பலம் கூடும். கமிஷன் சந்தேகம் உண்மையிலேயே இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகலையும் தொகையையும் கேளுங்கள். கையில் தாள் வந்த பிறகு லஞ்ச ஒழிப்புத் துறைக்கு மனு போடுங்கள். முகநூலுக்கு அது கடைசியில்கூட வர வேண்டியதில்லை. முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014ல் இயற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்பதால், அதை நம்பி இறங்காதீர்கள். எமிஸ் திரையைப் படமெடுத்து “பாருங்கள், சுற்றுகிறது” என்று போடும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தத் திரையில் பிள்ளைகளின் பெயர், பெற்றோர் எண், சாதி விவரம் தெரிந்துவிட்டால், கருத்துச் சுதந்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும்.

உங்கள் மனைவியின் நிலை இதைவிடப் பலவீனமானது. பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. தனியார் முதலாளியிடம் பேசுவது பெரும்பாலும் பணி ஒப்பந்தமும் நிறுவனத்தின் சமூக ஊடகக் கொள்கையும்தான். அவர் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாள்களில் ரகசியக் காப்பு, நிறுவனத்தை இழித்துப் பேசாமை ஆகிய இரண்டு பத்திகளைத் தேடிப் படிக்கட்டும். வாடிக்கையாளர் பெயர், திட்ட விவரம், சக ஊழியரின் பெயர் பதிவில் இருந்தால் உடனே நீக்குவது நல்லது. வேலை நேரம், மதிப்பீட்டு முறை பற்றிய பொதுக் கருத்து என்றால், எந்தப் பத்தியை மீறியது என்று பணிவாக ஒரு மின்னஞ்சலில் கேட்கலாம். பல நிறுவனங்கள் குற்றச்சாட்டு, விசாரணை என்று மெனக்கெடுவதில்லை. அறிவிப்புக் கால ஊதியத்தைக் கொடுத்து அனுப்பிவிடும். வீட்டுக் கடன் தவணை ஓடும்போது அந்த மின்னஞ்சலை அனுப்புவதா, பதிவை நீக்குவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே விதிவிலக்கு, அந்தப் பதிவு பாலியல் தொல்லை பற்றியது என்றால். அப்போது பதிவை நீக்குவது பற்றி யோசிப்பதற்கு முன், சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தாக வேண்டும். எச்.ஆர். அனுப்பிய மின்னஞ்சலின் நகலைத் தலைப்பு விவரங்களோடு சேமித்து வைக்கட்டும். ஆனால் அதை அலுவலக முகவரியிலிருந்து சொந்த முகவரிக்கு அனுப்பினால் அதுவே ஒரு மீறலாகலாம். அச்செடுத்து வைப்பது பாதுகாப்பு.